ஆறு பத்து வண்டி

கம்பெனி பஸ் அந்தத் தெருவுக்குள் வர ஆரம்பித்தது போன வருஷம் ஆடி மாதத்தில். அதற்கு முன்னால் அங்கே வந்த பெரிய வண்டி என்றால் தண்ணீர் லாரிதான். அதுவும் முனையிலேயே நின்று ஹாரன் அடிக்கும். பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இந்த பஸ் அப்படி இல்லை. காலை ஆறு பத்துக்குச் செவிலிமேடு மெயின் ரோட்டிலிருந்து திரும்பி, இரண்டு பக்கமும் தறி வீடுகள் உள்ள தெருவின் நடுவே ஊர்ந்து வந்து, கைலாசத்தின் வீட்டு வாசலில் நிற்கும். அவர் மகள் காயத்ரி ஏறியதும் பிள்ளையார் கோயிலைச் சுற்றிக்கொண்டு மறுபடி மெயின் ரோட்டுக்குப் போய்விடும். பாலாற்றுக்குத் தெற்கே உள்ள ஊர்களில் ஆள் ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டி வருகிற வண்டி அது. வாலாஜாபாத் வழியாக ஒரகடம் போக வேண்டும். எட்டு மணி ஷிப்ட்.

முதல் நாள் பஸ்ஸைப் பார்க்கத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

"மெட்ராஸ பெருசாக்கறாங்களாம்பா. நம்ம ஊரு வரைக்கும் கோடு இழுத்துட்டாங்களாம்" என்றார் எதிர்வீட்டு வீராசாமி, பல் குச்சியை வாயிலிருந்து எடுக்காமல்.

"கோடு வந்தா இன்னா, வராட்டி இன்னா? ஆள அள்ளிக்கினு போற வண்டி வந்துட்ச்சே" என்றாள் அவர் பெண்சாதி பூவம்மாள்.

காயத்ரியின் அம்மா இந்திராணி பஸ்ஸை ஒட்டிப் போய் நின்றாள். மகளின் டிபன் டப்பாவைப் பையில் வைத்து ஜன்னல் வழியாக நீட்டினாள். அந்த ஜன்னல் அவளுடைய தலைக்கு மேலே இருந்தது. எட்டி நீட்டியபோது பெரிய காரியம் ஒன்று செய்வதுபோல இருந்தது.

டிரைவர் பாண்டியன் முசரவாக்கத்துக்காரன். முப்பத்தெட்டு வயதிருக்கும். நிலத்தை அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்ட பிறகு ஸ்டியரிங் பிடித்தவன். அவன் ஹாரன் அடிக்க மாட்டான். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருப்பது அவனுக்குத் தெரியும். விளக்கை இரண்டு தடவை போட்டு அணைப்பான். அதற்குள் காயத்ரி பாதி பின்னிய ஜடையோடு ஓடி வருவாள்.

"இன்னாக்கா, மீதி ஜடைய ஒரகடத்துல பின்னிக்குமா பாப்பா?" என்று இந்திராணியிடம் கேட்பான்.

"நீ ஒரு நிமிஷம் லேட்டா வந்தா இன்னாய்யா? ஏரோப்ளேனா ஓட்டற?"

"நான் லேட்டா வந்தா எனக்குப் பின்னாடி இருபத்திரண்டு ஸ்டாப்பு லேட்டுக்கா. சாலவாக்கத்துல ஒரு பொண்ணு தும்மினா வாலாஜாபாத்ல நாலு பேரு திட்டு வாங்குவாங்க."

அவனுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. வண்டி ஓட்டும்போது யார் கூப்பிட்டாலும் போன் எடுக்க மாட்டான். அவன் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்த அன்றுகூட எடுக்கவில்லை, கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்திய பிறகுதான் எடுத்தான் என்று பஸ்ஸில் ஒரு கதை இருந்தது. காயத்ரி வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பாள்.

கைலாசமும் இந்திராணியும் ஒரே தறியில் வேலை செய்தார்கள். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் சேருகிற கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். அவர் தறிக்குக் கீழே உள்ள குழியில் காலை விட்டு நடுவில் உட்கார்ந்து நெய்வார். அவள் பக்கவாட்டில் இருந்து, கரைக்கான நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவாள். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான். காயத்ரியைத் தறியில் உட்கார வைக்க இரண்டு பேருக்குமே மனதில்லை. கால் மரத்துப்போகிற வேலை தங்களோடு போகட்டும் என்று நினைத்தார்கள்.

புடவையின் நீளவாட்டு இழைகளான பாவு தறியில் ஏறுவதற்கு முன்னால் அதைத் தெருவில் விரிக்க வேண்டும். மூன்று புடவைக்கான பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று சிக்கெடுத்து, அறுந்த இழைகளை முடிந்து, கஞ்சி தெளித்து, காய்ந்ததும் சுருட்ட வேண்டும். வெயில் ஏறினால் இழை முறுகும். காற்று வந்தால் பின்னிக்கொள்ளும். அதனால் விடிந்தும் விடியாத நேரத்தில்தான் செய்வார்கள். ஒருவர் பாவுக்கு ஊரே கை கொடுக்கும். இன்றைக்கு நான் உன் பாவுக்கு நின்றால் நாளைக்கு நீ என் பாவுக்கு. கூலி கிடையாது, ஒரு டம்ளர் டீ உண்டு.

ஆடியில் பாவு குறைவு. ஐப்பசி வரை பஸ்ஸுக்கும் பாவுக்கும் இடையே தகராறு வரவில்லை. தை மாதக் கல்யாணத்துக்கான வேலை கார்த்திகையில் குவிந்தது. அப்போது ஒரு நாள், வீராசாமியின் அரக்கு நிறப் பாவு தெருவில் கிடந்தபோது பஸ் வந்துவிட்டது. பாண்டியன் ஓரமாகப் போய்விடலாம் என்றுதான் பார்த்தான். பின்சக்கரம் பாவைத் தாங்கிய மூங்கில் காலைத் தட்டியது. பாவு ஒரு பக்கம் சரிந்து, நாற்பது ஐம்பது இழை அறுந்தது.

"டேய்! பஸ்ஸாடா இது, எமனாடா?" வீராசாமி பானெட்டைக் கையால் குத்தினார். கோபம் வந்தால் அவருக்கு வீட்டுத் தெலுங்குதான் வரும். அன்றைக்கு அதற்கு மேல் அவர் தெலுங்கில் பேசியதும் எல்லோருக்கும் புரிந்தது.

பாண்டியன் இறங்கி வந்து கும்பிட்டான். பஸ்ஸுக்குள்ளிருந்து முப்பது தலைகள் எட்டிப் பார்த்தன. காயத்ரி முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு ஏறினாள். பஸ் போனதும் இழை முடிய உட்கார்ந்தவர்கள் பத்து மணிக்குத்தான் எழுந்தார்கள்.

"இந்திராணி, உம்பொண்ணு ஏறுற வண்டி அது. நீ சொன்னாதான் கேப்பான். மெயின் ரோட்டுலயே நிக்கச் சொல்லு" என்றார் வீராசாமி. நான்கைந்து பேர் தலையை ஆட்டினார்கள். கைலாசம் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். தன் வீட்டால் ஊருக்கு நஷ்டம் என்கிற கூச்சம் அவருக்கு.

அன்று மத்தியானம், பாண்டியன் வண்டியை ஓரம் கட்டியிருக்கும் நேரமாகப் பார்த்து இந்திராணி போன் போட்டாள்.

"தம்பி, உள்ள வராதயேன். ரோட்டுலயே நில்லு. இவ வந்து ஏறிக்குவா."

"ரூட்டுல உள்ளன்னு போட்டுருக்குதுக்கா. ரோட்டுல நின்னா பாப்பா தாண்டி அந்தாண்ட வரணும். பாலத்துல எறங்குற வண்டி எல்லாம் கண்ணு மண்ணு தெரியாம வருது."

"அவ இன்னா கொழந்தையா? இருவத்திரண்டு வயசாவுது."

"இனிமே பனி வேறக்கா..."

"ஒரு வாரம்தான்யா. ஊர்ல பாவு வேல முடியட்டும். எனக்காவ செய்ய மாட்டியா?"

"சரிக்கா. உனக்காவ" என்றான்.

மறுநாள் பஸ் உள்ளே வரவில்லை. பூவம்மாள் ஒரு கிண்ணத்தில் கருணைக்கிழங்கு மசியல் கொண்டுவந்து வைத்தாள். "இந்திராணி சொன்னா பஸ்ஸு நிக்குதுடி. நாளிக்கு ரயிலயும் நிறுத்துவா" என்று வாசலில் நின்று உரக்கச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். இந்திராணியும் சிரித்தாள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அந்தத் தெருவில் அவளுக்கென்று ஒரு சொல் நின்றது கிடையாது. கைலாசத்தின் பெண்சாதி, காயத்ரியின் அம்மா, பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ளுகிறவள். அன்றைக்கு அவள் நடந்தபோது முதுகு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. அது அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் அதைக் குனிய வைக்கவில்லை.

ஒரு வாரம் முடிந்தது. வேறொருவர் பாவு வந்தது. அதற்குப் பிறகு இன்னொருவர் பாவு. மறுபடி பாண்டியனுக்குப் போன் போட்டு, உள்ளே வா என்று சொல்ல யாருக்கும் நினைவில்லை. இந்திராணிக்கு மட்டும் இருந்தது. சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள்.

மார்கழியில் பாலாற்றிலிருந்து பனி எழுந்து தெருமுனை வரைக்கும் வந்து நிற்கும். அன்றைக்குப் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. பாவு விரித்திருந்தது. இந்திராணி நடுவில் நின்று அறுந்த இழை ஒன்றை எடுத்து முடிந்துகொண்டிருந்தாள். "வரேம்மா" என்று காயத்ரி பாவுக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனாள். இரண்டு நிமிஷம் கழித்து மெயின் ரோட்டுப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. டயர் வெடித்தது என்று யாரோ சொன்னார்கள். பிறகு அலறல்.

இந்திராணியின் விரலில் இழையின் இரண்டு முனைகளும் இருந்தன. அவள் அந்த முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் திரும்பினாள்.

காய்கறி ஏற்றிய மினி லாரி. நிற்காமல் போய்விட்டது. பாண்டியன்தான் பஸ்ஸிலிருந்து குதித்து காயத்ரியைத் தூக்கி, பஸ்ஸிலேயே போட்டுக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். ஷிப்டுக்குப் போகிற பெண்கள் அவளுடைய காலைத் துப்பட்டாவால் சுற்றிப் பிடித்துக்கொண்டார்கள். இந்திராணி தரையில் உட்கார்ந்து மகளின் தலையை மடியில் வைத்திருந்தாள். அந்த பஸ்ஸுக்குள் அவள் ஏறியது அதுதான் முதல் தடவை.

"எலும்பு சேந்துடும்மா" என்றார் டாக்டர். "தோலும் சதையும் போனதுதான் கஷ்டம். இங்க அதுக்கு வசதியில்ல. ரெண்டு நாளைக்குள்ள மெட்ராஸ் கொண்டு போனா பாதத்தைக் காப்பாத்தலாம். இல்லன்னா கணுக்காலுக்கு மேல எடுக்கற மாதிரி ஆயிடும்."

"சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போலாங்களா?" என்று கேட்டார் கைலாசம்.

"போலாம். எத்தன நாள்ல தியேட்டர் கெடைக்கும்னு நான் சொல்ல முடியாது. உங்க பொண்ணு கம்பெனியில கேளுங்க. அவங்க எழுதிக் குடுத்தா இன்னிக்கே நேரா சேத்துக்குவாங்க."

மறுநாள் காலையில் பாண்டியன் வந்தான். மேலே வரவில்லை. ஆஸ்பத்திரி எதிரில் டீக்கடை ஓரம் நின்றிருந்தான். ஃபிளாஸ்க்கோடு இறங்கி வந்த இந்திராணியைப் பார்த்ததும் கையிலிருந்த பையை நீட்டினான். ஒற்றைச் செருப்பும் டிபன் டப்பாவும் இருந்தன.

"ரோட்டுல கெடந்துச்சுக்கா. நம்ம பஸ்ல வர்ற ரேணுகாம்பா கழுவி வெச்சிச்சு."

டப்பா பளபளவென்று இருந்தது. பஸ்ஸில் இருந்தவர்களில் அது யார் என்று இந்திராணிக்குத் தெரியவில்லை. முகம் தெரியாத ஒருத்தி தன் மகளின் டப்பாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்திருக்கிறாள்.

"பாப்பாவுக்குக் கால் எப்படிக்கா?"

"மெட்ராஸுக்குக் கொண்டு போவணுமாம்."

"என்னை வண்டியத் தொட வேணாம்னுட்டாங்க. ஜிபிஎஸ்ல பாத்துருக்காங்க, இருவத்தஞ்சு நாளா வண்டி உள்ள போவலன்னு. யார் சொல்லி மாத்தினன்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"நடந்ததச் சொன்னேன். அவங்க நம்பல. இன்னிக்கு உன்னையும் வந்து கேப்பாங்க." அவன் நிமிர்ந்து பார்த்தான். கெஞ்சுகிற பார்வை இல்லை. கெஞ்ச வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. "கேட்டா நீயும் நடந்ததச் சொல்லுக்கா. அது போதும்."

"டீ குடிக்கறியா?" என்று கேட்டாள் இந்திராணி.

"வேணாங்க்கா. ஆயிட்ச்சு."

பஸ் காண்ட்ராக்ட் எடுத்த கம்பெனியின் சூப்பர்வைசர் சத்யராஜ் பதினொரு மணிக்கு வந்தான். சின்னப் பையன்தான். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் கார்டு. நோயாளிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தான். நல்ல விதமாகத்தான் பேசினான்.

"ம்மா, நான் ஓப்பனா சொல்லிடறேன். டிரைவர் அவனா ஸ்டாப்ப மாத்திருந்தான்னா எங்க மேல தப்பு. நாங்க இன்சூரன்ஸ்ல போட்டு பூரா வைத்தியத்தையும் பாத்துக்குவோம். இன்னிக்கே ஆம்புலன்ஸ் வெச்சு அனுப்பிடலாம். நீங்க கேட்டு மாத்தினதுன்னா, அது உங்க சொந்த ரிஸ்க்காயிடும். அப்போ யாருமே பொறுப்பு எடுக்க முடியாது. டிரைவர் நீங்கதான் கேட்டீங்கன்னு சொல்றான். நீங்க சொல்றதத்தான் எழுதுவேன். அவசரமில்ல. நான் கீழ இருக்கேன்."

அவன் போனதும் கைலாசம் மனைவியை வராந்தாவின் கோடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"இதுல யோசிக்கறதுக்கு இன்னா இருக்குது?"

"அவன் வேணாம்னான்ங்க. பனி, வண்டிங்க வருதுன்னான். நான்தான்..."

"யாருக்குத் தெரியும்? போன்ல பேசினது யாருக்குக் கேட்டுச்சு?"

"உங்களுக்குத் தெரியும். வீராசாமி அண்ணனுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்."

"ஊர்ல எவனும் வாய் தொறக்க மாட்டான். தொறந்தா அவன் பாவும் சேந்து வெளிய வரும்." கைலாசத்தின் குரல் உடைந்தது. "அவனுக்கு வேற வண்டி கெடைக்கும்டி. ஓட்டத் தெரிஞ்சவன். அவளுக்கு வேற கால் கெடைக்குமா?"

இந்திராணி சுவரில் சாய்ந்து நின்றாள். யோசிக்க வேண்டும் என்று நினைத்தாள். யோசனை வரவில்லை. அந்த மசியல் கிண்ணம்தான் வந்தது. இந்திராணி சொன்னா பஸ்ஸு நிக்குதுடி. அந்த வார்த்தையை அன்றைக்கு இரவு படுத்துக்கொண்டு இன்னொரு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தது ஞாபகம் வந்தது. ஊருக்காகத்தான் போன் போட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். முதல் வாரத்துக்கு அது சரி. அதற்கப்புறம் இருந்த நாட்களில் அவள் பேசாமல் இருந்தது யாருக்காக? உள்ளே வா என்று அவனிடம் சொல்லியிருந்தால் பஸ் வந்திருக்கும். அவளுடைய சொல் போயிருக்கும்.

சத்யராஜ் மறுபடி வந்தபோது முதலில் கட்டிலில் கிடந்த காயத்ரியைக் கேட்டான். "நீங்க சொல்லுங்க சிஸ்டர். ஸ்டாப் ஏன் மாறிச்சு, தெரியுமா?"

காயத்ரி கண்ணைத் திறந்தாள். ஊசி மருந்தில் இமை கனத்திருந்தது. அம்மாவின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது சார். அம்மாவக் கேளுங்க."

"டிரைவரு அவராத்தான் மாத்திட்டாரு" என்றாள் இந்திராணி.

குரல் சாதாரணமாக இருந்தது. பால் பாக்கெட் தீர்ந்துவிட்டது என்று சொல்லுகிற குரல். எழுதிய காகிதத்தை அவன் படித்துக் காட்டினான். பெற்றோர் எவ்விதக் கோரிக்கையும் வைக்கவில்லை என்று ஒரு வரி இருந்தது. அவள் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஆம்புலன்ஸ் வாலாஜாபாத் வழியாகத்தான் போனது. மகள் தினமும் போய் வந்த ரோட்டை இந்திராணி அதுவரை பார்த்ததில்லை. ஒரகடம் நெருங்கியதும் ரோடு அகன்றது. ஷிப்ட் விடுகிற நேரம். எதிர்ப்பக்கம் வெள்ளை பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு தலை கண்ணாடியில் சாய்ந்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. எத்தனை பஸ் என்று கணக்கே இல்லை. இத்தனை பிள்ளைகளையும் விளக்கு வைத்தபின் ஏதோ ஒரு தெருமுனையில் யாரோ ஒருவன் பத்திரமாக இறக்கிவிடுகிறான் என்று நினைத்தாள். இவ்வளவு தூரமா, தினமும் இவ்வளவு தூரமா என்று வாய்விட்டே கேட்டாள். கைலாசம் மகளின் மேல் சரிந்த போர்வையை இழுத்துவிட்டார்.

பாதம் தப்பியது. இரண்டு விரல்கள் போயின. கணுக்கால் மடங்காது என்றும், சித்திரையில் இன்னொரு ஆபரேஷன் செய்தால் ஊன்றி நடக்கலாம் என்றும் சொன்னார்கள். மாசி கடைசியில் வாக்கரோடு வீட்டுக்கு வந்தாள் காயத்ரி. தறி ஓடிய அறையில், ஜன்னல் பக்கம் கட்டில் போட்டார்கள். அவள் அதிகம் பேசவில்லை. கால் வலி என்று இந்திராணி நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பது சௌகரியமாக இருந்தது.

பூவம்மாள்தான் ஒரு நாள் சேதி கொண்டுவந்தாள். "அந்த டிரைவரு இருந்தான்ல, அவன் பேர எல்லா காண்ட்ராக்ட்காரனுக்கும் அனுப்பிட்டாங்களாம். எவனும் வண்டி குடுக்கலியாம். அண்ணங்காரன் நெலத்துல கூலிக்குப் போறானாம், பாவம்." சொல்லிவிட்டு இந்திராணியின் கண்ணைப் பார்க்காமல் முந்தானையை உதறிக்கொண்டு போனாள்.

இந்திராணி இரண்டு தடவை பாண்டியன் ஊரான முசரவாக்கத்துக்குப் போக டவுன் பஸ் ஏறினாள். இரண்டு தடவையும் வழியிலேயே இறங்கி எதிர்ப்பக்கம் நின்று திரும்பி வந்தாள். ஏன் போனாள், போயிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. கழுவிக் கொடுத்த டப்பா மட்டும் அடுப்படி மாடத்தில் இருந்தது. அதில் அவள் எதையும் போட்டு வைக்கவில்லை.

விபத்துக்குப் பிறகு வேறு டிரைவர் வந்தான். ரூட்டில் உள்ளபடி தெருவுக்குள் வந்தே ஆக வேண்டும் என்று கம்பெனி உத்தரவு. வீராசாமியின் மகள் அபிநயா பங்குனியில் அதே கம்பெனியில் சேர்ந்தாள். இப்போது பஸ் அவர் வீட்டு வாசலில் நின்றது.

பங்குனியில்தான் கைலாசம் மறுபடி பாவு வாங்கினார். மூன்று மாதம் கழித்துத் தறிக்கு வந்த முதல் பாவு. விடிகாலையில் ஊர் கூடியது. கைலாசம் சுருளைப் பிரிக்கப் போனார்.

"இருப்பா கைலாசம். மணி ஆறாயிட்ச்சு. பஸ்ஸு போவட்டும், அப்பால விரிக்கலாம்" என்றார் வீராசாமி.

எல்லோரும் ஓரமாக நின்றார்கள். பாவுச் சுருளைக் குழந்தையைப் போலத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார் கைலாசம். யாரோ டீ கொண்டுவந்தார்கள். ஆறு பத்துக்கு பஸ் வந்தது. இந்த டிரைவர் ஹாரன் அடிப்பான். அபிநயா ஏறினாள். பஸ் கோயிலைச் சுற்றிக்கொண்டு போனது. பிறகு மூங்கில் கால்களை நட்டு, பாவை இழுத்துக் கட்டினார்கள். வெயில் ஏறிவிடவில்லை. காற்று எழவில்லை. பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்திராணி டம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றாள். ஒரு டீ குடிக்கிற நேரம். கார்த்திகையில் இத்தனை பேர் நின்றுகொண்டிருந்தார்களே, ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையே. பாவு காத்திருக்கும் என்று ஏன் தோன்றவில்லை? வண்டிதான் விலக வேண்டும், வண்டியில் ஏறுகிறவள்தான் நடக்க வேண்டும் என்று தனக்கு எப்படித் தோன்றியது?

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். காயத்ரி விழித்திருந்தாள். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"காயத்ரி, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"பஸ்ஸ ரோட்டுல நிறுத்தச் சொன்னது நான்தான்."

காயத்ரி போர்வையின் நுனியை மடித்தாள், பிரித்தாள்.

"தெரியும்மா. மொத நாளே பாண்டியண்ணன் சொல்லிச்சு. உங்கம்மா சொல்லி நிக்கறேன், பாத்துத் தாண்டுன்னு. டெய்லி சொல்லும். நான் ஏறுற வரைக்கும் வெளிய தலைய நீட்டிப் பாத்துக்கினே இருக்கும்."

இந்திராணி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "அப்புறம் ஏண்டி அன்னிக்கி தெரியாதுன்ன?"

"எனக்கும் கால் வேணும்ல?" அவள் குரலில் கோபம் இல்லை. "நான் சொன்னா போயிடும். நீ சொல்லுவியோன்னு பாத்தேன். சொல்லக் கூடாதுன்னும் நெனைச்சேன். சொல்லிடுவியோன்னு பயந்துக்கினு இருந்தேன்மா. நீ பொய் சொன்னதும்... அப்பாடான்னு இருந்துச்சு."

வெளியே கஞ்சி தெளிக்கிற சத்தம் கேட்டது.

"அந்தப் பஸ்ல எல்லாருக்கும் தெரியும். அண்ணன் எல்லார் எதிர்லயும்தான் சொல்லும். நான் திரும்ப வேலைக்குப் போனா அவங்க மூஞ்சில எப்படி முழிக்கறது?"

"இப்ப எழுதிக் குடுத்துடவா? நடந்தது இதுன்னு?"

"சித்திரை ஆபரேஷன்?"

இருவரும் அந்தக் காலைப் பார்த்தார்கள். போர்வைக்கு அடியில் அது தனியாக ஒரு ஆள் படுத்திருப்பதுபோல உயர்ந்து தெரிந்தது.

காயத்ரி தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தாள். ஒரு நம்பரை அழுத்தி அம்மாவிடம் நீட்டினாள். "நீ பேசு. கம்பெனிக்கிட்ட இல்ல, அதுகிட்டயாவது சொல்லு. நான் எத்தினியோ வாட்டி எடுத்து எடுத்து வெச்சுட்டேன்."

இந்திராணி வாங்கிக் காதில் வைத்தாள். மணி அடித்தது. சுவர்க் கடிகாரத்தில் ஆறே முக்கால். இந்த நேரத்துக்கு அவன் வாலாஜாபாத்தை நெருங்கியிருக்க வேண்டும். எடுக்க மாட்டான், வண்டி ஓட்டும்போது எடுக்கவே மாட்டான் என்று பழைய ஞாபகத்தில் ஒரு கணம் நிம்மதியாக இருந்தது.

இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"சொல்லு பாப்பா! கால் எப்படி இருக்குது? ஊனி நடக்கறியா?"

அவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"பாப்பா? ஹலோ?"

"நான் இந்திராணி" என்றாள்.

அவள் மூச்சை இழுத்துக்கொண்டு, "தம்பி, அன்னிக்கி ஆஸ்பத்திரில நான்..." என்று ஆரம்பித்தாள்.

"அக்கா, வண்டி ஓட்டிக்கினு இருக்கேன். அப்புறம் பேசறேன்" என்றான் பாண்டியன்.

உடனே வைத்துவிடவில்லை. அவள்தான் வைக்க வேண்டும் என்பதுபோல விட்டுவிட்டான். இன்ஜின் சத்தம் இல்லை. ஹாரன் இல்லை. ஒரு கோழி கொக்கரித்தது. யாரோ ஒரு பெண் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். துடைப்பச் சத்தம் கிட்டே வந்து விலகிப் போயிற்று.

இந்திராணி போனைக் காதிலேயே வைத்திருந்தாள். வாசலில் பாவு ஒரு பக்கம் தொய்கிறது, ஒரு கை குறைகிறது என்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.